நான்கு துளையும் ஒரு சாண் கோடும்

பித்தப்பைக் கல்லை எடுக்க எந்த ஆபரேஷன் நல்லது, துளை போட்டு எடுப்பதா, வயிற்றைத் திறந்து எடுப்பதா என்று யாராவது பேச்செடுத்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே மேசையில், ஒரே மயக்கத்தில் செய்துகொண்டவள் நான். எனக்கில்லாத உரிமை வேறு யாருக்கு? டாக்டர்கள் பாவம், எல்லாவற்றையும் வெளியே நின்று பார்த்தவர்கள்தானே.

ஆனால் என் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் என் நாத்தனாரின் வயிற்றிலிருந்து தொடங்க வேண்டும். நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன். புருஷன் தவறிய பிறகு எங்கள் வீட்டை ஒட்டியிருந்த ஓட்டு வீட்டில் தனியாக இருந்தார். ஒரே முற்றம், இரண்டு அடுப்பு. எங்கள் ஊருக்கு வர இடைசெவலில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் கரிசல், கொஞ்சம் ஆடு. மழையை நம்பி உளுந்தும் பருத்தியும் போடுவார். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். வேலை சின்னதுதான், வாய்தான் பெரிது. சமையல்கார அம்மாவிலிருந்து ஹெட்மாஸ்டர் வரை என் வாய்க்குப் பயப்படுவார்கள். மதினி மட்டும் பயப்பட மாட்டார். எங்கள் தகராறுக்கெல்லாம் அதுதான் காரணம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மதினிக்குப் பித்தப்பையில் கல் என்று சொல்லிப் பாளையங்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது. அப்போது எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி வயிற்றைத் திறப்பதுதான். வலது விலாவுக்குக் கீழே சாய்வாக ஒரு சாண் நீளத்துக்கு வெட்டு. பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய், அதன் நுனியில் ஒரு பை. பத்து நாளைக்கு மேல் படுக்கை. இருமினால் உயிர் போகும், தும்மினால் உயிர் போகும், சிரித்தாலும் போகும். ஆறு மாதத்துக்குக் குடம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் குடம் தூக்காமல் ஒரு பொம்பளை ஆறு மாதம் இருப்பது என்றால் அந்தத் தண்ணீரை யாரோ தூக்க வேண்டும். நான் தூக்கினேன்.

தண்ணீரோடு போயிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கு வந்த பிறகு தையல் ஓரிடத்தில் பிரிந்து சீழ் வைத்துவிட்டது. தினமும் கழுவிக் கட்டு மாற்ற வேண்டும். நர்ஸம்மா வாரத்தில் ஒருநாள்தான் ஊருக்கு வருவார். மற்ற ஆறு நாளும் நான்தான். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் வெந்நீர் போட்டு, பழைய பஞ்சை எடுத்து, உள்ளே திரி வைத்து, புதுக் கட்டுப் போட்டு, கையை சோப்பால் மூன்று தடவை கழுவிக்கொண்டு ஓடுவேன். வாய் மட்டும் நிற்காது.

"குழம்புல எண்ண மெதக்கணும்னு நாக்கு கேக்குதுல்லா. இப்ப அனுபவிங்க மதினி. வாயக் கட்டத் தெரிஞ்சா இந்தப் பாடு வருமா?"

"வாயக் கட்டுறதப் பத்தி நீ பேசுதியாட்டி?" என்று படுத்த வாக்கிலேயே பதில் வரும். வலியிலும் பதிலுக்குக் குறைச்சல் இல்லை.

மூன்று மாதம் அப்படிப் போனது. அந்த மூன்று மாதத்தில் நான் ஒன்றை முடிவு கட்டிக்கொண்டேன். எனக்கு எந்தச் சீக்கு வந்தாலும் வரட்டும், வயிற்றைக் கிழிக்க மட்டும் விடமாட்டேன். வெட்டுக்குப் பயந்தேன் என்பது பாதி உண்மைதான். மீதி உண்மையை இப்போது சொல்ல என்ன வெட்கம்? நான் படுத்துக் கிடக்க, மதினி வந்து என் துணியை விலக்கிக் கழுவிவிட்டு, நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் எனக்கே திருப்பிச் சொல்வார் என்ற பயம்.

புண் ஆறியது. தழும்பு நின்றது. அதன் பிறகு எங்கள் சொந்தத்தில் நடந்த எந்த விசேஷத்திலும் பொம்பளைகள் நாலு பேர் உட்கார்ந்தால் மதினி சேலையை லேசாக ஒதுக்கித் தழும்பைக் காட்டிக் கதையை ஆரம்பித்துவிடுவார். குழாய், பை, சீழ், எல்லாம் வரும். பந்தியில் உட்காரப் போகும் நேரத்தில்கூட வரும். "போதும் மதினி, சாம்பார் எறங்கணும்" என்று நான் எழுந்துவிடுவேன்.

பத்து வருஷம் கழித்து என் முறை வந்தது. முதலில் வாயு என்றுதான் நினைத்தேன். சாப்பிட்டால் வலது பக்கம் இறுக்கிப் பிடிக்கும், முதுகில் போய்க் குத்தும். பெருங்காயம் போட்டேன், ஓமத் தண்ணீர் குடித்தேன், கோவில்பட்டிக்குப் போகும்போதெல்லாம் சோடா குடித்து ஏப்பம் விட்டேன். கடம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, அந்த ஊர்ப் போளியைத் தின்னாமல் வரக்கூடாது என்று நெய் சொட்டச் சொட்ட மூன்று தின்றேன். பஸ் ஸ்டாண்டிலேயே சுருண்டுவிட்டேன். யாரோ ஒரு பாய் கடைக்காரர் ஸ்டூலை எடுத்துப் போட்டு, ஆட்டோவும் பிடித்துக் கொடுத்தார். பேர்கூடக் கேட்கவில்லை. அந்த மனுஷன் நல்லா இருக்கணும்.

கோவில்பட்டியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், பித்தப்பையில் கல் இருக்கிறது, நிறைய இருக்கிறது, எடுத்துவிடுவது நல்லது என்றார். என் காதில் 'கல்' மட்டும்தான் விழுந்தது. எங்கள் பக்கத்தில் கல் என்றால் வாழைத்தண்டு. கல்லுக்கும் வாழைத்தண்டுக்கும் உள்ள சம்பந்தம் சிறுநீரகத்தோடு சரி என்பது யாருக்குத் தெரியும்? கரிசலில் வாழை ஏது? என் வீட்டுக்காரர் கோவில்பட்டி மார்க்கெட்டிலிருந்து தண்டுத் தண்டாக வாங்கிக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வருவார். நான் அதை இடித்துச் சாறு எடுத்து வெறும் வயிற்றில் குடிப்பேன். ஒன்றிரண்டு நாள் இல்லை, இரண்டு வருஷம். மதினி மட்டும் ஒருநாள் சொன்னார்.

"எனக்கும் அந்தக் கல்லுதான்ட்டி. தண்டுக்கெல்லாம் போவாது. போயி எடுத்துரு."

"எடுத்துட்டு ஒங்கள மாரி படுத்துக் கெடக்கவா?" என்றேன்.

கடைசியில் குளிர் காய்ச்சலோடு வலி வந்து மூன்று நாள் நிற்கவே இல்லை. கோவில்பட்டியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் சேர்த்து, ஊசி மருந்து போட்டு அடக்கினார்கள். உள்ளே சீழ் பிடித்து அடங்கியிருக்கிறது, ஒன்றரை மாதம் போகட்டும், பிறகு கட்டாயம் எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். சனிக்கிழமைதோறும் வெளியூரிலிருந்து ஒரு சர்ஜன் டி.வி., கேமரா, மெஷின் எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு வருவார், துளை போட்டே எடுத்துவிடுவார் என்றும் சொன்னார்கள். ஊரில் அதற்கு லேசர் ஆபரேஷன் என்று பெயர். அதில் லேசர் ஏதும் கிடையாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எதுவாக இருந்தால் என்ன, வெட்டு இல்லை என்றதும் எனக்குப் பாதி வியாதி போய்விட்டது.

அந்த சர்ஜன் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் வயிற்றைப் படம் போட்டுக் காட்டினார். "நாலு துளை போடுவோம்மா. தொப்புள் கிட்ட ஒண்ணு, அதுல கேமரா போகும். வயித்துக்குள்ள கேஸ் அடிச்சு உப்ப வச்சுக்குவோம். டி.வி.யில பாத்துக்கிட்டே பையைப் பிரிச்சு, கிளிப் போட்டு, துளை வழியாவே வெளிய எடுத்துருவோம். ரெண்டு மூணு நாள்ல நீங்க வீட்டுக்குப் போயிரலாம்."

எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது. அப்போதுதான் அவர் பேனாவை மூடிக்கொண்டே அடுத்ததைச் சொன்னார்.

"ஆனா உங்களுக்கு சீழ் பிடிச்சு அடங்கியிருக்கு. உள்ள எல்லாம் ஒட்டிப்போயிருந்தா துளை வழியாப் பிரிக்க முடியாது. அப்ப அங்கேயே வயித்தத் திறந்துதான் எடுக்கணும். இதுல பெருசு, சின்னதுன்னு பாக்கக் கூடாது. உசுருக்கு எது பத்திரமோ அதத்தான் செய்வேன். சம்மதந்தானே?"

சம்மதம் என்று தலையாட்டினேன். டாக்டர் முன்னால் யார்தான் தலையாட்ட மாட்டார்கள்? வீட்டுக்கு வந்ததும் வேறு வேலை செய்தேன். தட்டில் சூடத்தை ஏற்றி சாமி படத்துக்கு முன்னால் வைத்து, என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்ன சொல்லை எவனும் மீற மாட்டான். கோர்ட்டில் பொய் சொல்கிறவன்கூட சூடத்துக்கு முன்னால் பின்வாங்கிவிடுவான்.

"எனக்கு மயக்கம் குடுத்தப்பறம் யாரு வந்து என்ன சொன்னாலும் வயித்தக் கிழிக்க விடமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. நம்ம பிள்ள மேல பண்ணுங்க."

எங்களுக்கு ஒரே மகள், திருநெல்வேலியில் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். அவர் எரிகிற சூடத்தைப் பார்த்தார். "எதுக்குட்டி இதெல்லாம்" என்றார். பண்ணினால்தான் ஆபரேஷனுக்கு வருவேன் என்றேன். பண்ணினார். உள்ளங்கை கறுத்துவிட்டது. நான் நிம்மதியாகச் சாப்பிடப் போனேன். என்ன புத்தி பாருங்கள்.

சனிக்கிழமை காலையில் சேர்ந்தோம். மதினியும் கூட வந்தார். வர வேண்டாம், மூன்றே நாளில் நானே எழுந்து வந்துவிடுவேன் என்று பெருமையாகச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. சிஸ்டர் இரண்டு தாள்களைக் கொண்டுவந்தார். ஒன்று துளை ஆபரேஷனுக்கு, இன்னொன்று திறக்க வேண்டி வந்தால் அதற்கு. என் வீட்டுக்காரர் முதல் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அது தேவப்பட்டா அப்பப் போட்டுக்கிடலாம் சிஸ்டர்" என்று இரண்டாவதைத் தள்ளி வைத்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், சிஸ்டர் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். உள்ளே கொண்டுபோகும்போது நான் அவர் கையைப் பிடித்து, "சத்தியம் நெனப்பிருக்கட்டும்" என்றேன். அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது.

கண் விழித்ததும் வலி. அதுவும் நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. கையை மெல்லக் கீழே கொண்டுபோனேன். விலாவுக்குக் கீழே தடிமனாகக் கட்டு. பக்கத்தில் ரப்பர் குழாய். எனக்குத்தான் அந்த இடமெல்லாம் அத்துபடியாயிற்றே, யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூச்சை இழுத்துக் கத்தலாம் என்று பார்த்தால் இழுக்கவே முடியவில்லை. கண்ணீர் மட்டும் காது வரைக்கும் ஓடியது.

பக்கத்துக் கட்டிலில் விளாத்திகுளத்துக்காரர் ஒரு டீச்சர். அன்றைக்கே, அதே சர்ஜன், அதே கல். அவருக்கு நாலு துளையோடு முடிந்துவிட்டது. சாயங்காலம் எழுந்து பாத்ரூமுக்கு நடந்து போனார். மறுநாள் காலையில் காபி குடித்தார். கேஸ் அடித்ததில் தோள்பட்டை வலிக்கிறது என்று ஒரே புலம்பல். தோள்பட்டையாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் காபி டம்ளரைத் தட்டிவிடலாம்போல் இருந்தது. மூன்றாம் நாள் அவர் நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்து, என்னிடம், "நல்லா ரெஸ்ட் எடுங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கைப்பையைத் தானே எடுத்துக்கொண்டு நடந்து போனார். நான் அப்போதும் மதினியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து உட்கார வேண்டியிருந்தது. இருமல் வந்தால் மதினி ஒரு தலையணையை என் வயிற்றோடு வைத்து அணைத்துப் பிடிப்பார். அப்படிப் பிடித்தால் பாதி வலி தெரியாது. பாளையங்கோட்டையில் கற்றுக்கொண்டு வந்த வித்தை.

டீச்சர் போன அன்று என் வீட்டுக்காரரைப் பிடித்து உலுக்கிவிட்டேன்.

"பிள்ள மேல சத்தியம் பண்ணிட்டு எப்படிக் கையெழுத்துப் போட்டீங்க?"

"நான் போடல" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார்.

நான் உள்ளே போய் ஒரு மணி நேரம் இருக்கும். தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு சர்ஜன் பச்சை அங்கியோடு வந்து, கையை எதிலும் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே எல்லாம் ஒட்டிக் கிடக்கிறது, துளை வழியாக முடியாது, திறக்க வேண்டும், அந்த இரண்டாவது தாளில் உடனே கையெழுத்து வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் தாளை வாங்கவில்லை. "சத்தியம் பண்ணிட்டேன் டாக்டர்" என்றாராம். டாக்டருக்குப் புரியவில்லை. "யாருக்குய்யா சத்தியம்?" என்று கேட்டாராம். "உள்ள படுத்திருக்காள்லா, அவளுக்குத்தான்."

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்படியே மூடிட்டு வெளிய வந்துரவா? வேணும்னா வந்துர்றேன். சீழும் கல்லும் உள்ளேயே இருக்கும். அடுத்த காய்ச்சல்ல என்ன ஆகும்னு எனக்குச் சொல்லத் தெரியாது. சீக்கிரம் சொல்லுங்க, அவங்க மயக்கத்துல இருக்காங்க."

அவர் அப்போதும் அசையவில்லை. பெண்டாட்டி உயிர் ஒரு பக்கம், மகள் மேல் செய்த சத்தியம் ஒரு பக்கம். நான்தானே அந்த மனுஷனை அப்படி நிற்க வைத்தேன்? அப்போதுதான் பெஞ்சிலிருந்து மதினி எழுந்து வந்தார்.

"தெறந்து கைய உள்ள விட்டா ஆளு தப்பிருவாளா டாக்டர்?"

"தப்பிருவாங்கம்மா."

"ஏலே, சத்தியம் பண்ணுனது நீ. நான் யாருக்கும் பண்ணல. பாவம் வந்தா எந்தலைல வரட்டும். சிஸ்டர், இங்கன கொண்டாங்க தாள."

என் வீட்டுக்காரர் இதைச் சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. கொதித்தது. மதினி அப்போது பிளாஸ்கில் கஞ்சியோடு உள்ளே வந்தார். எப்போது வருவார் என்று காத்திருந்தவள்போல் கொட்டிவிட்டேன்.

"எவ்வளவு நாளா காத்திருந்தீங்க மதினி? எவ வயித்துல இன்னொரு கோடு விழும்னு பாத்துக்கிட்டே இருந்தீங்க. இப்ப மனசு குளுந்துருச்சா? நான் படுத்துக் கெடக்கணும், நீங்க கழுவி விடணும், அதான ஒங்க ஆச?"

வார்டே திரும்பிப் பார்த்தது. எந்தப் பேச்சுக்கும் பதில் வைத்திருக்கிற மதினி பிளாஸ்கைத் திறந்து கஞ்சியை ஊற்றி ஆற்றி, என் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். துடைத்துவிட்டார், தலை வாரிவிட்டார், குழாய்ப் பையை எடுத்துப் போய் சிஸ்டரிடம் காட்டி அளவு சொன்னார். நான் அவரோடு பேசவில்லை. அவரும் பேசவில்லை. நான் பயந்துகொண்டே இருந்த அந்தத் திருப்பிச் சொல்லல் மட்டும் வரவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை சர்ஜன் வந்தார். குழாய் முன்பே எடுத்தாகிவிட்டது. அவர் தையலைப் பார்த்து, நன்றாக ஆறியிருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றார். நான் விடவில்லை.

"அந்த டீச்சருக்குத் தொளையிலேயே முடிஞ்சிச்சே டாக்டர். எனக்கு மட்டும் ஏன் முடியல?"

அவர் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டி.வி.யில பாக்கும்போது எது பைக்குப் போற குழாய், எது ஈரல்லேருந்து வர்ற பெரிய குழாய்னே தெரியலம்மா. எல்லாம் ஒரே கட்டியா ஒட்டியிருந்துச்சு. துளை வழியாக் கம்பியத்தான் விட முடியும், விரல விட முடியாது. விரலுக்குத் தெரியுறது கம்பிக்குத் தெரியாது. நான் வீம்புக்கு இழுத்திருந்தா பெரிய குழாய் பிஞ்சிருக்கும். அப்பறம் மஞ்சக்காமாலை, ஆபரேஷனுக்கு மேல ஆபரேஷன்னு வாழ்க்கை பூரா ஆஸ்பத்திரிதான். டீச்சர் வலி வந்ததும் வந்துட்டாங்க. நீங்களும் ரெண்டு வருஷம் முன்னால வந்திருந்தா நாலு துளையோட போயிருப்பீங்க."

வாழைத்தண்டு என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் வாயெல்லாம் அந்தச் சாற்றின் துவர்ப்பு வந்தது. எது நல்ல ஆபரேஷன் என்று இன்றைக்கு என்னைக் கேட்டால் அந்த டாக்டர் சொன்னதைத்தான் சொல்வேன். துளையில் முடிந்தால் அதைப்போல் சுகம் கிடையாது. முடியாத இடத்தில் நிறுத்திவிட்டுத் திறக்கிற டாக்டர் கிடைத்தால் அதைப்போல் பாக்கியம் கிடையாது. அவர் எழுந்து போகும்போது படுத்தபடியே இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். அவர் குடும்பம் நல்லா இருக்கணும்.

டிஸ்சார்ஜ் எழுத சிஸ்டர் என் தாள்களையெல்லாம் கட்டிலின் மேல் பரப்பினார். ரெக்கார்டு எழுதியே பழகிய கண் எனக்கு. எந்தத் தாளைக் கண்டாலும் படித்துவிடும். அந்த இரண்டாவது தாள் மேலே கிடந்தது. கையெழுத்துப் போடும் இடத்தில் மதினியின் பேரில் முதல் எழுத்து பாதி இருந்தது. பேனா அங்கேயே நின்று, கோணிக்கொண்டு ஒரு கோடு கீழே இழுத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் ஊதா மையில் கட்டைவிரல் ரேகை. மதினிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பென்ஷன் வாங்கப் போகும் இடத்தில் யாராவது மைப் பெட்டியை நீட்டினால், "எனக்கு எழுதத் தெரியும்யா" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுத் தன் பேரை அழுத்தி அழுத்தி முழுசாக எழுதுகிறவர். அந்தப் பாதி எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிஸ்டர் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கார் வைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். மத்தியானம் மதினி குழைந்த சோற்றில் ரசம் விட்டுப் பிசைந்து கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர் ஆட்டைப் பார்க்கப் போயிருந்தார். ஐந்து நாளைக்குப் பிறகு நானாக வாயைத் திறந்தேன்.

"ஒங்களுக்குத்தான் எழுதத் தெரியும்லா மதினி. எதுக்கு ரேக வச்சீங்க?"

அவர் தட்டை என் மடியில் வைத்தார். கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"கை ஆடிருச்சி."

"பயமா?"

"பயந்தான். பயம் மட்டும் இல்ல." சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "நீ அன்னைக்கிக் கேட்டியே, ஒன் வயித்துல கோடு விழணும்னு ஆசையான்னு. அந்த டாக்டர் வெளிய வந்து தெறக்கணும்னு சொன்னாருல்லா, அப்ப என் மனசுல மொத மொத என்ன வந்துச்சி தெரியுமா? 'இவளுக்கும் வரட்டும்'னு வந்துச்சிட்டி. ஒரு நிமிசந்தான். மூணு நாள்ல எந்திரிச்சிப் போயிருவேன்னு பெரும பேசுனாள்லா, வரட்டும்னு. ஒடனே, சீ, நாமெல்லாம் ஒரு மனுசியான்னு ஆயிருச்சி. பேனாவப் பிடிச்சா பேரு வர மாட்டேங்கி. அதான் ரேகய வச்சேன்."

இதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? பயத்தில் கை ஆடியது என்று சொல்லியிருந்தால் நான் அப்படியே நம்பி, காலமெல்லாம் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். வார்டு முன்னால் நான் ஏசியதில் ஒரு துளி உண்மை இருந்ததாம். அந்த ஒரு துளியை ஒளிக்க மனசில்லாமல் அதையும் எடுத்துவந்து என் முன்னால் வைக்கிறார். வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது எனக்கு. அப்போதுதான் பன்னிரண்டு வருஷமாக நான் யாரிடமும் சொல்லாததும் வெளியே வந்தது.

"நான் மட்டும் என்ன மதினி? ஒங்களுக்குச் சீழு வச்சிருந்தப்ப ஒருநா, கட்ட அவுத்துப் பாத்துட்டு, இது போயிச் சேந்துட்டா நமக்கு நிம்மதியா இருக்கும்லான்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன்."

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும்ட்டி" என்றார் மதினி. "அன்னைக்கி ஒன் மூஞ்சியில தெரிஞ்சிச்சி."

"தெரிஞ்சுமா ஒண்ணுங் கேக்காம இருந்தீங்க?"

"என்னத்தக் கேக்க? மறுநாக் காலைல வெந்நிய எடுத்துட்டு வந்துட்டியே."